ஊரில் இல்லாத டாக்டர்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம் என்று ஆரம்பித்தால் பொய் என்பாய். நலமில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். இடுப்புக்கு மேல் நலம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி என்று வைத்துக்கொள். உன் உடம்பு எப்படி? பள்ளிச் சீருடையெல்லாம் இந்த வருஷமும் உன் மெஷினில்தான் வந்து விழுகிறதா?

இதைப் போனில் சொல்லியிருப்பேன். "போன்ல நீ சிரிச்சே சமாளிச்சுடுவே, எதுவானாலும் எழுது" என்று நீ போட்ட உத்தரவு இருபத்து மூன்று வருஷமாக அமலில் இருப்பதால் எழுதுகிறேன்.

ஆறு வருஷமாக ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்கிறேனே, அந்த நாற்காலியை நிரந்தரமாக்கப் போகிறார்கள். புது மானேஜர் வந்திருக்கிறார். என் சட்டையைவிட வயது குறைவு. எல்லாரையும் நிற்கவைத்து, "ஏப்ரல் இருபதுக்குள்ள போலீஸ் சான்று வேணும். குற்றப் பதிவு இல்லைன்னு அதுல இருக்கணும். கொண்டுவராதவங்களுக்கு மே மாசம் வேலை இல்லை" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் கொஞ்சம் கூடுதலாக ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது. "கழுத்து வலியா சார்?" என்று கேட்டார்.

உனக்குத் தெரியாததா. வீடு வாடகைக்குக் கேட்டால் நமக்கு முன்னால் அந்தப் பதிவு போய் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து வேலை அதனால் போனது. கல்யாணம் கைகூடாததும் அதனால்தான் என்று நான் சொல்வேன், மூக்கால் என்று நீ சொல்வாய்.

இப்போது ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. அடிதடி இல்லாத பழைய குற்றம் என்றால், இருபது வருஷம் ஒழுங்காக இருந்தவன் மனுப் போட்டுப் பதிவை நீக்கிக்கொள்ளலாம். வழக்குக் காகிதக் கட்டையே அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாராவது கேட்டால் "எனக்கு வழக்கே கிடையாது" என்று சொல்ல எனக்குச் சட்டப்படி உரிமை உண்டாம். வக்கீலம்மா கொடுத்த படிவத்தில் 'குற்றத்தின் சுருக்கம்' என்று மூன்று விரல் அகலத்தில் ஒரு கட்டம். நம் குடும்பக் கதையை அதற்குள் மடித்து வைத்தேன்: 'நான் அச்சகத்தில் எழுத்தர். அக்காள் கணவர் ரப்பர் சீல் செய்பவர். லீவு கிடைக்காத அலுவலர்களுக்கு, ஊரில் இல்லாத ஒரு டாக்டரின் பெயரில் மருத்துவச் சான்று தயாரித்துக் கொடுத்தோம். சீல் அவருடையது, வியாதி என்னுடையது.' கடைசி வாக்கியத்தை வக்கீலம்மா அடித்துவிட்டார். அதுதான் நன்றாக இருந்தது.

ஒரே சிக்கல். எனக்கும் அத்தானுக்கும் ஒரே வழக்கு, ஒரே கட்டு. அத்தான் இல்லாததால் அவர் சார்பில் நீ 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தரவேண்டும். தாள் இத்துடன் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு. கோர்ட்டுக்கெல்லாம் அலையாதே, அங்கே உட்கார நாற்காலிகூடக் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். இடது கையில்தான் கொஞ்ச நாளாக ஒரு வலி, தோளிலிருந்து இறங்குகிறது. துணியை இழுத்துப் பிடிப்பதால் இருக்கும்.

வேலை நிரந்தரமாகப் போவது சந்தோஷம். தாளைப் படித்தேன். பின்பக்கம் சின்ன எழுத்தில், கையெழுத்திடுபவர் விரும்பினால் கட்டைப் பார்வையிடலாம் என்று இருக்கிறது. அதை நீ எழுதவில்லை.

அந்தக் கட்டில் என்னென்ன காகிதம் இருக்கும்?

முழங்காலுக்குச் சூடான தண்ணீர் ஒற்றிக்கொள்.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. முழங்கால் ஒற்றடம் வாங்கிக்கொண்டு மேலும் சலுகை கேட்கிறது.

உன் கை வலிக்கு நம் டாக்டரை எழுப்பிக் கேட்டேன். இருபத்து மூன்று வருஷம் தூங்கியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: 'நோயாளிக்குச் சீருடை ஒவ்வாமை கண்டிருக்கிறது. பள்ளிக் குழந்தைகள் யாரும் மூன்று நாளைக்கு வளரக் கூடாது. இடது கை பூரண ஓய்வு எடுக்க, வலது கை அதைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்க வேண்டும்.' சீல் மட்டும் இல்லை. சீல் குத்தியவர் இல்லையே.

கட்டில் என்ன இருக்கும் என்று கேட்டாய். தூசி, நூல், கரப்பான் முட்டை. நம் டாக்டர் எழுதிய சான்றுகள் ஒரு அறுபது. எனக்கே பிடித்துப்போன ஒரு வாக்கியம் இருந்தது, 'நெஞ்சு வலியால் அவதியுற்று, படியேற இயலாமல்' என்று. அந்த அழகில் மயங்கி ஒரே அலுவலகத்தில் பதினொரு பேருக்கு ஒரே நாளில் அதையே எழுதினேன். பிடிபட்டோம். எழுத்தாளனைக் கெடுப்பது அவனுடைய நல்ல வாக்கியம்தான் என்று அத்தான் விலங்கோடு சொன்னார். இதைப் படிக்கவா நீ நான்கு மணி நேரம் பஸ்ஸில் வரவேண்டும்?

இங்கே ஒரு வேடிக்கை. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "அவசரம்னு சொல்லி டோக்கன் இல்லாம நிறைய பேரை உள்ள விடுறீங்களாமே" என்றார். நெஞ்சு வலி என்று யார் சொன்னாலும் விட்டுவிடுகிறேன், அது உண்மை. "பாதிப் பேருக்கு வாயுத் தொல்லைதான் சார்" என்றார். "மீதிப் பேர்?" என்றேன். அவர் கணினியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

விசாரணை ஏப்ரல் பதினெட்டு. நான் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மனு தள்ளுபடி, அடுத்த மனு ஒரு வருஷம் கழித்துத்தான். அதற்குள் உன் தாள் வந்து சேர வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நன்றாக இருக்கிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒன்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பேசி அடுத்தவர் எழுதிக்கொண்ட வாக்குமூலம் அந்தக் கட்டில் இருக்குமே. போட்டோ இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. அவர் பேச்சு என்னிடம் ஒன்றும் இல்லை. அழித்துவிட்டால் அதுவும் போய்விடும்.

இன்னொன்று. நீ அப்போது ஜெயிலிலிருந்து எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'மதியம் சாப்பிட்டார், படுத்தார், தூக்கத்திலேயே போய்விட்டார்' என்று எழுதியிருக்கிறாய். முன்னும் பின்னும் எதுவும் இல்லை. நீ எழுதும் கடிதத்தில் அது ஒன்றுதான் இவ்வளவு சின்னது.

அவர் ஏதாவது சொன்னாரா?

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ நன்றாக இருப்பதில் எனக்கு ரொம்ப நிம்மதி.

அத்தான் அமைதியாகப் போனார். அன்றைக்கு எழுதினேன், இன்றைக்கும் அதுதான். மதியம் எல்லாரையும் மூன்று மணி வரை உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். அந்த நேரத்தில் தூங்கினார். அவ்வளவே. நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவர் வாக்குமூலத்தில் என்ன இருக்கப்போகிறது. ரப்பர் எங்கே வாங்கினாய், கத்தி எங்கே என்று கேட்டிருப்பார்கள். அவர் பேச்சு வேண்டுமானால் நான் பேசிக் காட்டுகிறேன். மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் ஆரம்பிப்பார் இல்லையா, "அதாவது என்னன்னா" என்று. அதாவது என்னன்னா, அக்கா, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

வக்கீலம்மா தினம் கேட்கிறார். மானேஜர் எங்கள் பெயர்களைச் சுவரில் ஒட்டி, சான்று கொடுத்தவர்களுக்கு எதிரே பச்சைப் புள்ளி வைக்கிறார். துப்புரவுக்காரர் முதல் எக்ஸ்ரேக்காரர் வரை பச்சையாகிவிட்டார்கள். நான் ஒருவன்தான் வெள்ளை. உத்தமனுக்கு அடையாளம் என்று சொல்லிப் பார்த்தேன், மருந்துக்கடைப் பெண் மட்டும் சிரித்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. பதில் வரவில்லை. உனக்கு ஒன்றும் இல்லையே?

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன். நேற்று ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற குமாஸ்தா. பிளாஸ்டிக் பை நிறையப் பழைய மருத்துவக் காகிதங்கள். எதற்காக வந்தார் என்று பார்க்க ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நடுவில் ஒரு மஞ்சள் தாள். 'நெஞ்சு வலியால் அவதியுற்று, படியேற இயலாமல்'. என் கையெழுத்து, அக்கா. கீழே அத்தான் செதுக்கிய சீல். அந்தச் சீலில் ஓரத்துப் புள்ளி ஒன்று கத்தி வழுக்கிக் கொஞ்சம் நீண்டிருக்கும், ஞாபகமிருக்கிறதா? அந்தப் புள்ளி அப்படியே இருந்தது.

"இந்த டாக்டர் இப்ப எங்க தம்பி இருக்காரு? நல்ல கைராசிக்காரர்" என்றார் பெரியவர்.

"நீங்க அவரைப் பார்த்திருக்கீங்களா?" என்றேன்.

"பார்க்காம? கையைப் பிடிச்சுப் பார்த்தாரே. ஒல்லியா இருப்பாரு. மூக்கை உறிஞ்சிட்டுத்தான் பேசுவாரு."

சீல் குத்திய கையோடு அத்தானே சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார், சும்மா நாடியும் பிடித்திருப்பார். அவருக்கு அந்த விளையாட்டுப் பிடிக்கும். ஆனாலும் பெரியவரை டோக்கன் இல்லாமலே உள்ளே அனுப்பினேன். காது அடைப்புக்கு வந்தவராம்.

நேற்றிலிருந்து வாசலில் யார் மூக்கை உறிஞ்சினாலும் நிமிர்ந்து பார்க்கிறேன். ஜலதோஷக் காலம் வேறு.

தாளை அனுப்பிவிடு அக்கா. இது முடியட்டும்.

உன் தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுவது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கோர்ட்டுக்குப் போய் வந்தேன். உன் வீடு நாலு தெரு தள்ளித்தான், வரவில்லை. பதிவறையில் ஒரு பெண் கட்டை எடுத்துக் கொடுத்தாள். உட்கார நாற்காலியும் கொடுத்தாள்.

அவர் வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம். 'அதாவது என்னவென்றால்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது. அதைத் தடவிப் பார்த்தேன்.

கடைசியில், அவர் இறந்ததற்கு ஜெயிலில் நடந்த விசாரணைக் காகிதம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். உன்னுடையது நாலு வரி. 'எந்தக் குறையும் சொல்லவில்லை' என்று இருக்கிறது. அடுத்த தாள் உங்களோடு அதே அறையில் கைதியாக இருந்த பூட்டுக்காரருடையது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அப்படியே தருகிறேன்.

'அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வேண்டும் என்றார். காவலர் வந்து பார்த்தார். அவருடைய மச்சினன், நம்ம டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்க, மூணு நாள் லீவு எழுதித் தருவார் என்றார். எல்லாரும் சிரித்தோம். காவலரும் சிரித்துவிட்டுப் போனார். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டார், சத்தமாக இல்லை.'

இதில் 'அவரும் சிரித்தார்' என்பதை நான் பஸ்ஸில் நாலு மணி நேரம் படித்துக்கொண்டு வந்தேன்.

கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் போட்டேன். உன் வேலை என்னால் போக வேண்டாம். ஆட்சேபணை இல்லை என்பது கட்டைப் பற்றி மட்டும்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு முகமில்லை.

பூட்டுக்காரர் சொன்னது சரி. ஒன்றிரண்டு அவர் காதில் விழவில்லை.

சாப்பிட்டு அரை மணி ஆகியிருக்கும். அத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. பார்த்தேன். புழுக்கம் என்று நினைத்தேன் என்று எழுதலாம். நினைக்கவில்லை, எதுவும் நினைக்கவில்லை. காவலர் எட்டிப் பார்த்ததும் அறையில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அங்கே என்னை அப்படித்தான் வைத்திருந்தார்கள், எதற்கும் ஒன்று சொல்வான் என்று. சொன்னேன்.

இரண்டாவது தடவை அவர் "டேய், காவலரைக் கூப்பிடுடா" என்றார். "இப்பத்தானே சிரிச்சிட்டுப் போனார், மறுபடி கூப்பிட்டா அடிப்பார்" என்றேன்.

மூன்றாவது தடவை என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இது நிஜம்டா" என்றார். நான், "நிஜம்னா ரெண்டு சீல் குத்தணும் அத்தான்" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்று மணிக்குக் கதவைத் திறந்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி மிரட்டினார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யாரும் மிரட்டவில்லை. தண்ணீர் கொடுத்து, "ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். இவ்வளவு சின்ன வார்த்தை என்று அப்போது ஆச்சரியமாக இருந்தது. பிறகு உனக்கும் அதையே எழுதினேன்.

ஊரில் இல்லாத டாக்டரைப் பற்றி நான் அறுபது பொய் எழுதினேன், அதற்கு இரண்டு வருஷம் உள்ளே இருந்தேன். இந்த ஒரு பொய்க்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. பதினெட்டாம் தேதி கட்டு அழிந்தால் இதுவும் அழிந்துவிடும், நான் சுத்தமாகிவிடுவேன் என்றுதான் உன்னைக் கோர்ட்டுக்கு வரவேண்டாம் என்றேன்.

இந்தக் கடிதத்தை அழிக்காதே. உன்னிடம் இருக்கட்டும்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடிதம் வந்தது. அவர் கண்ணாடி இருக்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அழிக்க மாட்டேன். அதைப் பற்றி இன்றைக்கு வேறு எதுவும் எழுத என்னால் முடியவில்லை.

வேறொன்று எழுத வேண்டும். பிப்ரவரியில் கை வலி என்று எழுதினேன். நீ டாக்டர் குரலில் பதில் எழுதினாய். நான் சிரித்தேன். நீ எழுதினால் சிரிப்பு வந்துவிடுகிறது, அவருக்கும் அப்படித்தான் வந்திருக்கும். அதற்குப் பிறகு நன்றாக இருக்கிறேன் என்றே எழுதினேன்.

இப்போது வலி தாடை வரை வருகிறது. தையற்கூடத்துப் படியில் பாதியில் நின்றுவிடுகிறேன். பக்கத்து மெஷின்காரி கேட்டால் முழங்கால் என்கிறேன், உன் முழங்காலைக் கடன் வாங்கிக்கொண்டு.

உன்னிடம் இது இரண்டாவது தடவை சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 15

பெறுநர்: மானேஜர் அவர்கள்
அனுப்புநர்: டோக்கன் எழுத்தர், வெளிநோயாளர் பிரிவு
பொருள்: ஐந்து நாள் விடுப்பு வேண்டுதல்

ஐயா,

என் அக்காவுக்கு நெஞ்சு வலி. இன்று காலைத் தபாலில் அவருடைய கடிதம் கிடைத்தது. உடனே நமது ஆஸ்பத்திரிப் போனிலிருந்து அவர் வேலை செய்யும் தையற்கூடத்துக்குப் பேசினேன். அனுமதி கேட்கவில்லை, மன்னிக்கவும். மேற்பார்வையாளர் அம்மாள், "காலையிலகூட நல்லாத்தானே இருக்காங்க" என்றார். நான் கத்தியதை வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பதினொரு மணிக்கு அவரை அங்குள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். படுக்கையில் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்க அவருக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. மதியப் பஸ்ஸில் போகிறேன்.

இன்று முதல் 19ஆம் தேதி வரை விடுப்பு வேண்டும். 18ஆம் தேதி எனக்குக் கோர்ட்டில் ஒரு வேலை இருந்தது. போகமாட்டேன். ஆகவே தாங்கள் கேட்ட போலீஸ் சான்று 20ஆம் தேதிக்குள் வராது. சுவரில் என் பெயருக்கு எதிரே எந்த நிறப் புள்ளி வைத்தாலும் சம்மதமே. ஏன் வராது என்பதைத் திரும்பி வந்ததும் நேரில் சொல்கிறேன். இதே போன்ற விடுப்புக் கடிதங்களோடு எனக்கு முன்பே பழக்கம் உண்டு என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

டோக்கன் புத்தகத்தை மருந்துக்கடைப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். நெஞ்சு வலி என்று யாராவது சொன்னால் டோக்கன் கேட்காமல் உள்ளே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னாலும்.

மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை. வலிக்கிறது என்று அக்கா சொன்னார்.

தங்கள் உண்மையுள்ள,
டோக்கன் எழுத்தர்